கல்லும் குற்றப்பதிவும்: விசுவமடுச் சம்பவமும் சொத்துச்சேதக் குற்றச்சாட்டின் வரலாறும்

1. முன்னுரை

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் திகதி சனிக்கிழமை இரவு, முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவிலே எரிபொருளுக்காக வரிசையில் நின்ற மக்களுக்கும் இராணுவத்தினருக்கும் இடையே மோதல் மூண்டது. இராணுவம் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தது. பொதுமக்கள் நால்வரும் படையினர் மூவரும் காயமடைந்தனர் எனப் பொலிசார் தெரிவித்தனர். நாட்டைப் பீடித்த பொருளாதார நெருக்கடி தொடர்பான கொந்தளிப்பொன்றை அடக்க இராணுவம் சுட்ட முதற் சந்தர்ப்பம் இது எனச் செய்தி நிறுவனங்கள் உலகெங்கும் அறிவித்தன. ஏறத்தாழ இருபது முதல் முப்பது பேர் கொண்ட குழுவொன்று கல்லெறிந்து இராணுவ வாகனமொன்றைச் சேதப்படுத்தியது என்பதே இராணுவப் பேச்சாளர் தந்த விளக்கமாகும். பெற்றோல் தீர்ந்தமையால் வாகனக்காரர் எதிர்ப்புத் தெரிவித்ததாகவும் அதுவே மோதலாக முற்றியதாகவும் பொலிசார் கூறினர்.

இவ்விரு கூற்றுக்களையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடைத்து. பொலிசாரின் கூற்று தட்டுப்பாட்டில் தொடங்குகின்றது. இராணுவத்தின் கூற்று கல்லில் தொடங்குகின்றது. ஒரு நிகழ்ச்சியின் கதை எவ்விடத்தில் தொடங்கப்படுகின்றதோ அவ்விடமே குற்றவாளி யாரென்பதையும் பெரும்பாலும் தீர்மானித்து விடுகின்றது. சொத்துக்குச் சேதம் விளைத்தல் என்னுங் குற்றச்சாட்டு இலங்கையில், குறிப்பாக வடபுலத்தில், எவ்வாறு தொழிற்பட்டு வந்துள்ளது என்பதை விசுவமடுவை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விரவில் கல்லெறிந்தவர் எவர் என்பதைத் தீர்த்தல் நீதிமன்றத்தின் பணி. கல் எவ்வாறு ஒரு குற்றப்பதிவின் முதல் வாக்கியமாகின்றது என்பதை விளக்குதல் வரலாற்று மாணவரின் பணி.

2. களம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் நெடுஞ்சாலையில், தருமபுரத்துக்குக் கிழக்கே அமைந்த குடியேற்றப் பிரதேசமே விசுவமடு. வன்னியின் தொன்மையான குளக்கட்டுக் கிராமங்களிலிருந்து இது வேறுபட்டது. 1960களின் நடுப்பகுதிக்குப் பின்னர், படித்து வேலையற்றிருந்த இளைஞரை நிலத்திற் குடியமர்த்தும் அரச திட்டங்களின் வழியாகவே இது பெரிதும் உருப்பெற்றது. நீரை இறைத்துப் பாய்ச்சி மிளகாய், வெங்காயம் போன்ற உபஉணவுப் பயிர்களைச் செய்தல் இங்குள்ள வேளாண்மையின் தனித்தன்மை ஆயிற்று. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் செத்தல் மிளகாய் இவ்விளைஞர்க்கு நல்ல வருவாயைத் தந்தது. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அவ்வருவாயைச் சரித்தது.

இறைப்பு வேளாண்மை எரிபொருளை நம்பியது. குளத்து வாய்க்காலின் கீழ் நெல் விளைப்பவன் மழையை நோக்கி இருப்பான். இறைப்பு இயந்திரத்தை வைத்திருப்பவனோ மழையை மட்டுமன்றி மண்ணெண்ணெய்க் கலனையும் நோக்கி இருப்பான். ஆகவே 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சம் நகரத்து மோட்டார்ச் சைக்கிள்காரனை வதைத்ததற்கும் விசுவமடுவின் தோட்டக்காரனை வதைத்ததற்கும் இடையே தரத்தில் வேறுபாடு உண்டு. முன்னவனுக்கு இழப்புப் பயணம், பின்னவனுக்குப் பயிர்.

இக்களத்துக்கு இன்னுமொரு பரிமாணம் உண்டு. 2009ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் விசுவமடு இராணுவத்தின் வசமாயிற்று. அதே ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, போர்முனையிலிருந்து வெளியேறிய மக்கள் சோதிக்கப்பட்ட நிலையத்தில் நிகழ்ந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் படையினரும் பொதுமக்களுமாகப் பலர் மாண்டனர். போரின் பின்னர் இராணுவம் இங்கு காவற்படையாக மட்டும் இருக்கவில்லை. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளும் முன்பள்ளிகளும் முன்னாட் போராளிகள் உட்படப் பலருக்கு மாதச் சம்பளம் தரும் தொழிலிடங்களாயின. 2018 ஜூனில், அத்திணைக்களத்தின் பொறுப்பதிகாரியாயிருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து இடமாற்றம் பெற்றுச் சென்றபோது விசுவமடு மக்கள் பலர் கண்ணீர் சொரிந்து வழியனுப்பினர். அக்காட்சியை நல்லிணக்கத்தின் சின்னமெனச் சிலரும், சார்ந்து வாழ வைக்கப்பட்ட சமூகமொன்றின் அவலமெனச் சிலரும் பொருள் கொண்டனர். இரண்டிலும் உண்மை உண்டு. நான்கு ஆண்டுகளின் பின், சம்பளந்தரும் கையும் துப்பாக்கி ஏந்தும் கையும் ஒரே அமைப்பினுடையவை என்பதை எரிபொருள் வரிசை வெளிக்காட்டியது.

3. சட்டத்தின் வரலாறு

சொத்துக்குத் தீங்கு விளைத்தல் பற்றிய இலங்கைச் சட்டம் குடியேற்றவாட்சியின் கொடை. மெக்காலே பிரபு தலைமையில் வரையப்பட்டு 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைப் பின்பற்றி, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இங்கு ஆக்கப்பட்டது. பொதுமக்களுக்கோ ஒருவருக்கோ இழப்பு விளைக்கும் எண்ணத்துடன், அல்லது இழப்பு விளையக்கூடுமென அறிந்து, ஒரு பொருளை அழித்தலும் அதன் பெறுமதியைக் குறைத்தலும் குற்றமாகும் என அது வகுத்தது. அக்குற்றத்தின் சாதாரண வடிவுக்கு உச்சத் தண்டனை மூன்று மாதச் சிறை மட்டுமே. 19ஆம் நூற்றாண்டுச் சட்டவாக்குநர் இதனை ஒரு சிறு குற்றமாகவே கருதினர் என்பது இதனால் விளங்கும்.

பிரித்தானியாவின் வரலாறே இச்சிறு குற்றம் எவ்வாறு பெருங் குற்றமாக்கப்படலாம் என்பதற்குச் சான்று. நெசவுத் தறிகளை உடைத்த தொழிலாளர்க்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் அங்கு 1812இல் நிறைவேறிற்று. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தமது முதலுரையை அதற்கெதிராகவே நிகழ்த்தினார். தறியை உடைத்தவன் தறியின்மீது கொண்ட பகையினால் உடைக்கவில்லை. கூலியைப் பற்றிப் பேச அவனுக்கு வேறு மேடை இருக்கவில்லை. வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கூட்டங்களைப் பற்றி 1971இல் எழுதிய கட்டுரை இவ்விடத்தில் நினைவுகூரற்பாலது. பஞ்சகாலத்தில் தானியக் களஞ்சியங்களின் முன் திரண்டோர் வெறும் பசியாற் பித்தேறியோர் அல்லர். நியாய விலை, நியாயப் பங்கீடு பற்றிய திட்டவட்டமான எண்ணங்கள் அவர்களுக்கு இருந்தன என அவர் நிறுவினார். எரிபொருள் வரிசையும் அத்தகையதொரு நியாயத்தின் வடிவமே. முன்வந்தவன் முன்பெறுவான் என்பதே அதன் எழுதாச் சட்டம். அச்சட்டம் மீறப்பட்டதாக வரிசையில் நிற்பவர் உணரும் கணமே கொந்தளிப்பின் கணமாகும்.

சுதந்திர இலங்கையில் நிகழ்ந்த பெருந்திருப்பம் 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் மீதான குற்றங்கள் சட்டமாகும். பொதுச் சொத்துக்கு விளைக்கப்படுந் தீங்குக்கு ஓராண்டுக்குக் குறையாததும் இருபது ஆண்டுகளுக்கு மேற்படாததுமான சிறையையும், ஆயிரம் ரூபா அல்லது சொத்தின் பெறுமதியின் மும்மடங்கு என்பவற்றில் கூடியதைத் தண்டமாகவும் அது விதித்தது. மூன்று மாதம் இருபது ஆண்டாயிற்று. இதனினும் முக்கியமானது பிணை பற்றிய ஏற்பாடு. சம்பந்தப்பட்ட சொத்தின் பெறுமதி இருபத்தையாயிரம் ரூபாவுக்கு மேற்பட்டதென உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியொருவர் சான்றளிப்பாராயின், சந்தேக நபர் வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைக்கப்படுதல் வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே, காரணங்களை எழுத்தில் பதிந்து, நீதவான் பிணை வழங்கலாம்.

இவ்வேற்பாட்டின் உட்பொருளைச் சற்று விரித்து நோக்குதல் தகும். சேதத்தின் பெறுமதியை மதிப்பிடுவது நீதிமன்றமன்று. பொலிஸ் அதிகாரியின் சான்றிதழே. 1982இல் இருபத்தையாயிரம் ரூபா ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க டொலர்களுக்குச் சமம். 2022 ஜூனில் அது எழுபது டொலரளவே. அம்மாதத்தின் நடுப்பகுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 420 ரூபாவுக்கு விற்கப்பட்டது. ஆகவே அத்தொகையாற் கொள்ளத்தக்க பெற்றோல் அறுபது லீற்றர்கூட இல்லை. நாணயம் தேயத் தேய, பிணையற்ற மறியலின் வாயில் தானாகவே அகன்றுகொண்டு வந்துள்ளது. ஒரு பாரவூர்தியின் முன்கண்ணாடி உடைந்தாலே அவ்வெல்லையைத் தாண்டிவிடலாம். நாணயத் தேய்வினாலேயே சட்டம் கடுமையுற்றமைக்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டு.

4. தாரும் தீயும்

இச்சட்டங்கள் யார்மீது பிரயோகிக்கப்பட்டன, யார்மீது பிரயோகிக்கப்படவில்லை என்பதே அடுத்த வினா. இதற்கு இரண்டு நிகழ்ச்சிகளை நோக்குவோம்.

முதலாவது 1958ஆம் ஆண்டின் ஸ்ரீ எதிர்ப்பியக்கம். வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள ஸ்ரீ எழுத்து 1957 முதல் புகுத்தப்பட்டது. 1958 ஜனவரியிற் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்ட பின், அவ்வெழுத்துத் தாங்கிய அரச பஸ் வண்டிகள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சித் தொண்டர்கள் அவ்வெழுத்தின்மீது தார் பூசித் தமிழெழுத்தை வரைந்தனர். சட்டத்தின் கண்ணில் இது அரச உடைமைக்கு விளைத்த சேதம். பலர் கைதாகினர், கட்சியின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகமும் சிறைவாசத்தை ஏற்றார். அவ்வியக்கத்தினர் தார் பூசியதை மறுக்கவில்லை. குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு, குற்றம் எது என்ற வினாவை நீதிமன்றத்தில் எழுப்புவதே அவர்களது அறப்போர் முறை. தெற்கிலோ எதிர்வினையாகக் கடைப் பெயர்ப்பலகைகளின் தமிழெழுத்துக்கள்மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டுக் கலவரத்தைப் பதிவுசெய்த பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சியின் நூல் பொலிசாரின் செயலின்மையை வன்மையாகச் சுட்டுகின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாத இறுதியில், வவுனியாவில் நடைபெற்ற தமிழரசுக் கட்சி மாநாட்டையொட்டிப் புகையிரதங்கள் தாக்கப்பட்டதோடு பெருங் கலவரம் மூண்டது. ஒரே தார், இரு வேறு சட்டப் பெறுபேறுகள்.

இரண்டாவது 1981ஆம் ஆண்டின் யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பு. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின் முன்னோடியாக, மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயல்களில் ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்ட அந்நூலகம் சாம்பலாயிற்று. பொலிசாரும் அவர்களுடன் வந்தோருமே அவ்வழிவின் காரணர் எனப் பரவலாக அறியப்பட்டுள்ளது. எவரும் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. பொதுச் சொத்தைப் பாதுகாக்கும் கடுஞ்சட்டம் மறுவருடமே பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு உண்டென நாம் கூறவில்லை. ஆயினும் இந்நாட்டின் வரலாற்றிலே பொதுச் சொத்தொன்றுக்கு நேர்ந்த மிகப் பெரும் அழிவுகளுள் ஒன்றுக்கு எதிரியில்லை என்பதும், கல்லெறிந்தவனுக்கு இருபதாண்டு காத்திருக்கின்றது என்பதும் ஒரே சட்டப் புத்தகத்தின் இரு பக்கங்கள். 2009இன் பின் விசுவமடு உட்பட வடக்குக் கிழக்கெங்கும் மாவீரர் துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. அக்கல்லறைகளில் உறங்கியோரின் பெற்றோருக்கும் முறைப்பாடு செய்யும் பொலிஸ் நிலையம் எதுவும் இருக்கவில்லை.

5. மூன்று காவல்துறைகளும் ஒரு கிராமமும்

விசுவமடுவின் நடுவயதினர் ஒருவரின் வாழ்நாளுள் மூன்றுவகை அதிகாரங்கள் சட்டம் ஒழுங்கின் பேரால் வந்து சென்றுள்ளன. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைப் பொலிஸ் முதலாவது. விடுதலைப் புலிகள் 1991இல் அமைத்த தமிழீழக் காவல்துறையும் அதனையொட்டிய நீதிமன்றுகளும் இரண்டாவது. 2009இன் பின் பொலிசும் இராணுவமும் இணைந்து நிற்கும் இன்றைய அமைப்பு மூன்றாவது.

இரண்டாவது அமைப்பைப் பற்றி நிதானமாகப் பேசுதல் வேண்டும். அதிலே முறைப்பாடு தமிழிற் சொல்லப்பட்டது, தமிழிற் பதியப்பட்டது, தமிழிற் தீர்க்கப்பட்டது. சாதாரண குடியானவனுக்கு இது சிறிய வசதியன்று. ஆயின் சட்டத்தை ஆக்கியோரும் குற்றஞ் சுமத்தியோரும் தீர்ப்பளித்தோரும் ஒரே இயக்கத்தின் கட்டளைக்குட்பட்டவர். அவ்வியக்கமே எதிர்த்தரப்பாயின் முறையிட வேறிடமில்லை. மொழி தன்னதாயிருப்பது மட்டும் நீதி தன்னதாயிருப்பதற்குப் போதாது என்பது அவ்வனுபவம் தரும் பாடம்.

மூன்றாவது அமைப்பிலோ மொழியே முதற் தடை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் விளைவுகளைத் திருத்த 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் வாக்குமூலங்கள் சிங்களத்திற் பதியப்பட்டு, வாசித்தறிய மாட்டாதவரிடம் ஒப்பம் பெறப்படுகின்றன என்னும் முறைப்பாடு வடபுலத்தில் ஓய்ந்தபாடில்லை. பொலிசாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது எனச் சான்றுக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது உண்மையே. பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்விதியை 1979இல் தகர்த்தமை தனிக்கதை. ஆனால் ஒப்புதல் அல்லாத சாதாரண வாக்குமூலமும் விசாரணையின் போக்கைத் தீர்மானிக்கின்றது; பின்னர் நீதிமன்றிற் சொல்வது அதனின்று வேறுபட்டால் சாட்சியின் நம்பகம் குலைகின்றது. கைதானவர் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் நீதவான் முன் நிறுத்தப்படும்போது, நீதவானின் மேசையில் இருப்பது பொலிசாரின் அறிக்கை ஒன்றே. எதிரியின் கதை அப்போது இன்னும் எழுதப்படாத கதை.

கூட்டத்தில் நிகழ்ந்த செயலாயின் இடர் மேலும் பெரிது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோத நோக்கமொன்றுடன் கூடினால், அப்பொது நோக்கத்தை நிறைவேற்ற ஒருவர் செய்த குற்றத்துக்கு அனைவரும் பொறுப்பாவர் என்பது தண்டனைச் சட்டக்கோவையின் விதி. பெற்றோலுக்கு நின்றவன் எந்தக் கணத்தில் வரிசையின் உறுப்பினன் என்னும் நிலையிலிருந்து சட்டவிரோதக் கூட்டத்தின் உறுப்பினன் என்னும் நிலைக்கு மாறினான்? இருளிலே, முப்பது பேர் நடுவிலே, அம்மாற்றத்தைக் கண்டவர் எவர்? இவ்வினாவுக்கு விடை அடையாள அணிவகுப்பிலும் சாட்சியத்திலும் இருத்தல் வேண்டும். ஒருதரப்பு அறிக்கையில் அன்று.

6. கல்லுக்கு விடை துப்பாக்கியா?

சொத்துச்சேதக் குற்றச்சாட்டு 2022இல் வேறொரு தொழிலையும் ஆற்றியது. அது சூட்டுக்கு நியாயமாயிற்று. ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துத் திரண்டோர்மீது பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். எரிபொருள் தாங்கி வண்டிக்குத் தீயிட முயன்றனர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். கேகாலை நீதவான் நீதிமன்றம் அக்காரணத்தோடு அமைதியுறவில்லை. அதன் உத்தரவையடுத்து சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரும் கான்ஸ்டபிள்கள் சிலரும் கைதாகினர். மே 10ஆம் திகதி, பொதுச் சொத்தைச் சூறையாடுவோர்மீதும் பிறருக்குத் தீங்கு விளைப்போர்மீதும் சுடுமாறு பாதுகாப்பு அமைச்சு முப்படையினருக்குப் பணித்தது. அப்போது நடைமுறையிலிருந்த அவசரகால நிலை மே 20ஆம் திகதியளவில் முடிவுற்றது. விசுவமடுச் சம்பவம் அதன்பின் ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழித்து, சாதாரண சட்டம் நிலவிய வேளையில் நிகழ்ந்தது.

அச்சாதாரண சட்டம் கூறுவதென்ன? சொத்தைப் பாதுகாக்கும் தற்காப்புரிமை மரணம் விளைக்கும் அளவுக்குச் செல்வது வரையறுக்கப்பட்ட சில நிலைமைகளில் மட்டுமே எனத் தண்டனைச் சட்டக்கோவை கூறுகின்றது. கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருப்புக்கோ களஞ்சியத்துக்கோ தீயிடல், அன்றேல் மரணமோ கொடுங்காயமோ நேருமென நியாயமாக அஞ்சத்தக்க சூழல் என்பன அவை. வாகனத்தின் சேதம் தனித்து நின்று அப்பட்டியலுள் அடங்காது. படையினரும் காயமுற்றனர் என்னும் உண்மையை நாம் மறைக்கவில்லை. தலைமீது விழுங் கல் உயிரைக் குடிக்கவல்லது. ஆகவேதான் அச்சத்தின் அளவும் சூட்டின் அளவும் ஒன்றோடொன்று ஒத்தனவா என்பது சுயாதீன விசாரணைக்குரிய வினாவாகின்றது. மேலும், சட்டவிரோதக் கூட்டமொன்றைக் கலைக்கப் படையினரை அழைக்கும் அதிகாரத்தை 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவை சிவில் அதிகாரிகளிடமும் உயர்தரப் பொலிஸ் அதிகாரிகளிடமுமே ஒப்படைத்துள்ளது. 2019இன் பின், பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆயுதப் படைகளை அமைதிகாக்கும் பணிக்கு அழைக்கும் வர்த்தமானி அறிவித்தல்கள் மாதந்தோறும் வழமைபோல் வெளிவந்தமையால், விதிவிலக்கு விதியாயிற்று. எரிபொருள் நிலையத்திலே இராணுவம் நின்றமை இவ்வழமையின் விளைவே.

ரம்புக்கனையையும் விசுவமடுவையும் ஒப்பிடுதல் இனவாத நோக்கில் அன்று. ஒரே பஞ்சம் இரு ஊர்களின் உழைப்பாளரையும் ஒரே வரிசையில் நிறுத்திற்று. ஒரே குற்றச்சாட்டு இரு ஊர்களிலும் துப்பாக்கிக்கு முன்னுரையாயிற்று. ரம்புக்கனையில் ஒரு நீதவான் அம்முன்னுரையைக் கேள்விக்குள்ளாக்கினார். சிங்கள உழைப்பாளன் பெற்ற அப்பாதுகாப்பு அவனுக்கும் எளிதிற் கிட்டியதன்று. நாடெங்கும் எழுந்த மக்கட் குரலே அதற்குப் பின்பலமாயிற்று. அப்பாதுகாப்பு வன்னிக்கும் பொதுவாதல் வேண்டும் என்பதே நம் வாதம்.

7. தொடரும் போக்கு

இக்குற்றச்சாட்டு அண்மைக் காலத்திலே தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் வடிவிலும் வன்னிக்கு வந்துள்ளது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகிய இது பிற்காலத் திருத்தங்களாற் கடுமை பெற்றது. வவுனியா வடக்கு வெடுக்குநாறி மலையிலே 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் பெயர்த்தெறியப்பட்டிருந்தமை தெரியவந்தது. மறுவருடம் மார்ச் 8ஆம் திகதி சிவராத்திரி இரவில் அதே மலையில் வழிபட்டோருள் எண்மர் கைதாகித் தொல்பொருட்களின் பேரால் மறியலில் வைக்கப்பட்டனர். மார்ச் 19ஆம் திகதி வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. விடுதலை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பதினொரு நாட்கள் சிறையிற் கழிந்தன. தீர்ப்புக்கு முன்னரே தண்டனை அனுபவிக்கப்படும் இம்முறையிற் குற்றச்சாட்டே தண்டனையாகி விடுகின்றது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. சொத்துச்சேதம் என்னும் சிறு குற்றம் 1982இன் பின் பிணையற்ற பெருங் குற்றமாயிற்று; அதன் அளவுகோல் பொலிசாரின் கையிலுள்ளது. அச்சட்டம் மக்களின் கல்லையும் தாரையும் கண்ட அளவுக்கு, அதிகாரத்தின் தீயையும் புல்டோசரையும் கண்டதில்லை. குற்றச்சாட்டு நீதிமன்றத்துக்குச் செல்லும் முன்னரே, அது பதியப்படும் மொழியும் தொடங்கப்படும் இடமும் வழக்கின் பாதியைத் தீர்த்து விடுகின்றன.

எனவே செய்யவேண்டியதும் பதிவிலேயே தொடங்குதல் வேண்டும். வாக்குமூலம் தமிழிற் பதியப்படுதல், வாசித்து விளங்கிய பின்னரே ஒப்பமிடல், கைதான முதல் மணித்தியாலத்திலேயே சட்டத்தரணியை நாடுதல், காயங்களை மருத்துவரிடம் காட்டி அறிக்கை பெறல் என்பன எளிய காரியங்கள்போற் தோன்றலாம். ஆயினும் எதிரியின் எழுதப்படாத கதையை எழுத்தாக்குவன இவையே. இருபத்தையாயிரம் ரூபா எல்லையும் பொலிஸ் சான்றிதழின் பலமும் மீளாய்வு செய்யப்படுதல் பாராளுமன்றத்தின் கடன். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடன் உண்டு. விசுவமடு வரிசையில் அவ்விரவு நின்றவர்கள் இன்னும் அவ்வூரில் உள்ளனர். அவர்களின் வாய்மொழியை அவர்தம் மொழியிற் கேட்டுப் பதியும் மாணவன், இராணுவப் பேச்சாளரின் வாக்கியத்துக்கு முன்னால் விடுபட்டுப்போன வாக்கியங்களை மீட்டுத் தருவான். கல் எறியப்படுமுன் நிகழ்ந்தது என்ன என்பதை அறிந்த பின்னரே கல்லைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்குண்டாகும்.